வலது சக்கரத்தின் மேல் போல்ட்

பேருந்துப் பணிமனையில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழ ஒரு நொடி போதும். அதைக் கழற்றிப் போட ஆயுசு போதாது. அவளுக்கு அது பயிற்சிக் காலத்திலேயே விழுந்துவிட்டது. பெரிய பேருந்தின் பிரேக்கை அவள் முதன்முதலாக மிதித்த நாள் அது. காற்றழுத்தத்தில் வேலை செய்கிற அந்தப் பிரேக்குக்குக் காலின் நுனி பட்டாலே போதும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் குறுக்கே ஒரு நாய் ஓடியபோது அவள் உடம்பின் மொத்த கனத்தையும் அதன்மேல் இறக்கினாள். பக்கத்தில் நின்றிருந்த பயிற்றுநரின் கையிலிருந்த தேநீர் அவருடைய சட்டைக்கு இடம் மாறியது. நாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. அன்று மாலைக்குள் அவள் பெயர் ‘சடன்பிரேக்’.

வேறொருத்தியாக இருந்தால் முகம் சுண்டியிருக்கும். அவள் அதைப் பதக்கம் மாதிரி குத்திக்கொண்டாள். பணிமனையிலிருந்து போன் வந்தால், “சடன்பிரேக்தான் பேசறேன், சொல்லுங்க” என்பாள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அலுவலகத்தில் ஏதோ புகார் என்று அர்த்தம்.

பேருந்துக்கு வருவதற்கு முன் அவள் ஒரு பிஸ்கட் ஆலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஆலைப் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டாள். டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவருடைய கால் எப்போது எதை மிதிக்கிறது என்பதையே பார்த்துக்கொண்டு வருவாள். பேருந்து ஓட்டப் பெண்களையும் எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்ததும் விண்ணப்பம் போட்டுவிட்டுத்தான் வீட்டில் சொன்னாள். வீட்டில் சிரித்தார்கள். பின்னோக்கி ஓட்டும் தேர்வில் முதல் தடவை மூன்று கம்பங்களைச் சாய்த்துவிட்டு வந்தபோது இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். அடுத்த தடவை ஒரு கம்பம்கூட ஆடவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கல்யாணமும் பேருந்தில்தான் முளைத்தது. மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையிலிருந்த ஒருவர், நல்ல உயரம், கழுத்து கொஞ்சம் முன்னால் நீட்டியபடி, தினமும் டிரைவருக்கு நேர் பின்னால் உள்ள இருக்கையில் வந்து உட்காருவார். தன் கடை இருக்கும் நிறுத்தத்தை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததில் இறங்கி, வந்த வழியே நடந்துபோவார். ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“ஏங்க, தினமும் தூங்கிடறீங்களா?”

“இல்லைங்க. முழிச்சிட்டுத்தான் இருக்கேன்.”

அவ்வளவுதான் பேச்சு. கண்ணாடியில் அவர் காது இரண்டும் சிவந்திருப்பது தெரிந்தது. மறுநாள் அவர் நிறுத்தத்தில் பேருந்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றது.

இப்போது அவர்கள் இருப்பது ஒரு நீளமான தெருவின் நடுவில், கீழ்த்தளத்தில் வாசலை ஒட்டிக் கார் நிறுத்த இடமுள்ள வீட்டில். வீட்டில் மொத்தம் மூன்று பேர். மூன்றாவது ஆள் மாமியார். வாழ்நாள் முழுவதும் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர். எல்லோர் கண்ணும் என் விரல்மேல்தானே இருந்தது என்று சொல்லி அந்தக் காலத்தில் நகத்தில் பூச ஆரம்பித்த சிவப்புச் சாயத்தை ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. கண்ணில் புரை விழுந்து, எதிரே வருவது மகனா தபால்காரரா என்று தடுமாறுகிற நிலையிலும் சாயம் மட்டும் வாரம் தவறியதில்லை. நகத்தில் பாதி, தோலில் பாதி என்று அது உட்காரும்.

அந்தக் கண்ணுக்குத்தான் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். சரியாக அந்தச் சமயம் பார்த்துக் காரின் முன் பிரேக் அலற ஆரம்பித்தது.

முதலில் கீச்சென்று ஒரு சத்தம். பிறகு கல்லில் இரும்பைத் தேய்ப்பதுபோல ஒரு கரகரப்பு. பாதத்தின் வழியாக அது முழங்கால்வரை ஏறியது. தெருக் கோடியில் இருந்த கேரேஜுக்கு வண்டியைக் கொண்டுபோனாள். கேரேஜ்காரர் குனிந்து சக்கரத்தின் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“பேட் தேஞ்சு டிஸ்க்கையே அரிச்சிருக்கு. ரெண்டு பக்கமும் பேட், டிஸ்க் எல்லாம் மாத்தணும். வண்டிய விட்டுட்டுப் போங்க மேடம். அடுத்த வாரம் பாக்கலாம்.”

“அதுக்குள்ள அத்தைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமே. டிஸ்க்க எப்படிக் கழட்டறது? அந்த ரெண்டு பெரிய போல்ட்ட எடுத்தா வந்துடுமா?”

அவர் டார்ச்சை அணைத்தார். “அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு மேடம்? புரியாது.”

வேலை அதிகம் உள்ள ஆள் வேகமாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் பேருந்து ஓட்டுகிறவளிடம் பிரேக்கைப் பற்றிச் சொல்லக்கூடாத வார்த்தை. வீட்டுக்கு வந்து கைப்பையை நாற்காலியில் எறிந்தாள்.

“என்னங்க, பிரேக்க நானே மாத்தப் போறேன்.”

அவர் செய்தித்தாளை மடித்தார். மனைவி இந்தக் குரலில் பேசினால் வாதாடிப் புண்ணியமில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் மருந்துக் கடைக்காரரின் மனம் சும்மா இருக்காது. “அதுக்குன்னு ஒரு புத்தகம் இருக்குமே. கம்பெனி மேனுவல். அத முதல்ல படிச்சிடலாமா?”

“நீங்க படிங்க. நான் கழட்டறேன்.”

வேலை அப்படியே பங்காகிப்போனது. அவர் அந்தக் கார் மாடலுக்கான பழுதுபார்க்கும் கையேட்டை எங்கிருந்தோ தேடிப்பிடித்து, மருந்துச் சீட்டு படிப்பதுபோல அடிக்கோடிட்டுப் படித்தார். அவள் பணிமனையின் டயர் பிரிவு மேஸ்திரியிடம் ஜாக்கியையும், வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகளையும் இரவல் கேட்டாள். மேஸ்திரி கூடவே ஒரு நீளமான பெட்டியையும் கையில் திணித்தார். உள்ளே டார்க் ரெஞ்ச். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கைப்பிடியைத் திருகி அளவு வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்தவுடன் ‘டிக்’ என்று சொல்லிவிடுகிற கருவி.

“இது எதுக்கு அண்ணே? என் கைக்குத் தெரியாதா?”

“கொண்டு போ சடன்பிரேக்கு. உன் கைய நான் பாத்திருக்கேன். என் சட்டையும் பாத்திருக்கு.” அன்று தேநீரில் குளித்த பயிற்றுநர் இவர்தான்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் அவளுக்கு ஓய்வு. பணிமனையில் அந்த நாளையும் சிகிச்சை நாளையும் விட்டால் வேறு விடுப்பு கிடைக்கவில்லை. காலை வெயில் ஏறுவதற்கு முன்பே வாசலில் பழைய போர்வையை விரித்துக் கருவிகளை அடுக்கினாள். கணவர் மடக்கு நாற்காலியில் கையேட்டோடு உட்கார்ந்தார். மாமியார் ஜன்னல் ஓரத்தில் இடம்பிடித்தார். கண் தெரியாவிட்டால் என்ன, காது கூர்மை.

“மதியத்துக்குள்ள முடிச்சிடுவேன் அத்தை.”

“எந்த மதியத்துக்குள்ள?” என்றார் மாமியார்.

இடது சக்கரத்திலிருந்து ஆரம்பித்தாள். வண்டி தரையில் இருக்கும்போதே சக்கர நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்து, உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. சக்கரத்தை உருவினாள். வாழ்க்கையில் பல ஆயிரம் தடவை மிதித்த பிரேக்கை அவள் நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வட்டமான டிஸ்க்கும், அதை இரண்டு பக்கமும் நண்டுக் கொடுக்குபோலக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரும், அதற்குள் டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேட் பட்டைகளும். டிஸ்க்கின் முகத்தில் வட்டவட்டமாகக் கீறல்.

“இவ்வளவுதானா!” என்றாள்.

“காலிப்பர்ல ரெண்டு சின்ன போல்ட்டு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு,” என்று அவர் வாசித்தார். “கழட்டினதும் அத அப்படியே தொங்க விடக்கூடாதாம். பிரேக் எண்ணெய் போற குழாய் இழுபடும். கம்பியில கட்டித் தொங்கவிடணும்.”

சின்ன போல்ட்டுகள் இரண்டும் சொன்ன பேச்சு கேட்டன. காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். வினை அதற்குப் பின்னால் இருந்த தாங்கியில் காத்திருந்தது. அதைப் பிடித்திருந்த பெரிய போல்ட்டுகளை எடுத்தால்தான் டிஸ்க் வெளியே வரும். கீழே இருந்தது வந்துவிட்டது. மேலே இருந்தது துருப்பிடித்து இரும்போடு இரும்பாகிக் கிடந்தது.

“துரு இளக்கற எண்ணெய் அடிச்சிட்டுக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுது,” என்றார் அவர்.

“அடிச்சிட்டேனே.”

“காத்திருக்கலையே.”

அவள் காத்திருக்கவில்லை. கையில் கிடைத்த ஸ்பேனரை மாட்டினாள். அது போல்ட்டின் தலையில் கொஞ்சம் லொடலொடவென்று இருந்தது. பரவாயில்லை என்று காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து இழுத்தாள். சட்டென்று ஸ்பேனர் வழுக்கி, அவள் மல்லாந்து போர்வையில் விழுந்தாள். விரல் முட்டியில் தோல் வழண்டது. போல்ட் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது, ஆனால் ஆறு முனையும் மழுங்கி, தேய்ந்துபோன பென்சில் ரப்பர்போல உருண்டிருந்தது.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது. “மதியம் ஆயிடுச்சா?”

அவள் எழுந்து உட்கார்ந்து விரலை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் போல்ட்டையே முறைத்தாள். கோபம் போல்ட்மேல் இல்லை. பேருந்தில் கதவு சரியாக மூடாத வரைக்கும் வண்டியை எடுக்கவே மாட்டாள். இங்கே ஸ்பேனர் சரியாகப் பொருந்தவில்லை என்று தெரிந்தும் இழுத்தாள்.

அவர் கட்டுத்துணியோடு வந்து முட்டியில் சுற்றினார். கேரேஜுக்குப் போகலாமா என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் கேட்டது வேறு.

“ஒரு அளவு சின்னதா, போல்ட் தலையில தொப்பி மாதிரி மாட்டற ஆறு முனை சாக்கெட்ட சுத்தியால தட்டி ஏத்தினா கெட்டியாப் பிடிக்கும்னு போட்டிருக்கு. போல்ட் கெட்டுப்போகும். ஆனா அது எப்படியும் தூக்கிப் போட வேண்டியதுதான்.”

“ஏன்?”

“இந்தப் பெரிய போல்ட்டெல்லாம் ஒரு தடவைக்குத்தானாம். கழட்டினா புதுசு போடணும். இறுக்கறப்ப கொஞ்சம் நீளும்போல. ஒருதடவை நீண்டது மறுபடி அதே பிடியைத் தராது.”

“இத முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“அந்தப் பக்கத்துக்கு இப்பதான் வந்தேன். நீ முன்னாடி ஓடிட்டே.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை துரு எண்ணெயை அடித்துவிட்டு, சாப்பிட்டு, மாமியாருக்குக் கண் மருந்து விட்டு, நிதானமாகத் திரும்பி வந்தாள். சின்ன சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றினாள். நீளக் குழாயை ரெஞ்சின் கைப்பிடியில் சொருகி, வெட்டி இழுக்காமல், ஒரே சீராக அழுத்தினாள். கதவு திறப்பதுபோல ஒரு முனகல். போல்ட் அசைந்தது. “வந்துட்டான்!” என்று அவள் கத்தியதில் எதிர்வீட்டுப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் யார் வந்தது என்று எட்டிப் பார்த்தார்.

வலது பக்கத்தையும் அதே கையோடு கழற்றினாள். சரியான சாக்கெட், போதுமான எண்ணெய், நிதானமான கை. இரண்டு பெரிய போல்ட்டும் முரண்டு பிடிக்காமல் வந்தன.

பேட்டும் டிஸ்க்கும் முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். போல்ட்டுக்கு மட்டும் உதிரிபாகக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. காரோ சக்கரமில்லாமல் ஸ்டாண்டில் நிற்கிறது. இரண்டு பேரும் நடந்தே போனார்கள். கடைக்காரர் பழைய போல்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு டப்பாவிலிருந்து நான்கை அள்ளி வைத்தார்.

“இதேதான். தடிமன், நீளம் எல்லாம் ஒண்ணுதான்.”

அவளும் பார்த்தாள். அச்சு அசல் அதே. பைக்குள் போடப் போனவளின் கையைக் கணவர் தடுத்தார். அவர் பழைய போல்ட்டில் மழுங்காததாக ஒன்றை எடுத்தார். புதியதை அதன் பக்கத்தில் படுக்கவைத்து, மரையோடு மரை பொருந்துமாறு ஒட்டி, இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். முதல் சில சுற்றுகளில் பல்லும் பல்லும் கவ்வின. அதற்குமேல் விலகி, நடுவில் வெளிச்சம் கீற்றாக வந்தது.

“மரை இடைவெளி வேற,” என்றார். “இத மாட்டி இறுக்கியிருந்தா உள்ள இருக்கற மரைய மென்னு தின்னிருக்கும்.”

“அட, ஆமா சார்,” என்றார் கடைக்காரர். சங்கடப்பட்டுக்கொண்டே ஏணியில் ஏறி, மேலடுக்கிலிருந்து வேறொரு பாக்கெட்டை எடுத்து வந்தார். இந்த முறை மரைகள் உதடும் உதடுமாகப் பொருந்தின.

திரும்பி நடக்கும்போது அவள் கேட்டாள். “எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?”

“கடையில ரெண்டு மாத்திரை இருக்கு. ஒரே அளவு, ஒரே வெள்ளை. ஒண்ணு ரத்த அழுத்தத்துக்கு, ஒண்ணு சக்கரைக்கு. அச்சு அசல்னு யாராவது சொன்னாலே நான் ரெண்டு தடவை பாத்துடுவேன்.”

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். கிரீஸ் அவர் சட்டைக் கையில் அப்பியது. அவர் கையை விலக்கிக்கொள்ளவில்லை.

மாட்டுகிற வேலை கழற்றுகிற வேலையைவிட இனிமையாக இருந்தது. புது டிஸ்க் கண்ணாடி மாதிரி பளபளத்தது. பெரிய போல்ட்டின் மரையில் தளராமல் பிடிக்கும் நீலப் பசையை ஒரு பொட்டு வைத்து, முதலில் விரலாலேயே திருகினாள். விரலுக்கு வழுக்கிக்கொண்டு போனால்தான் சரியான பாதையில் போகிறது என்பது அவளுக்குச் சொல்லாமலே விளங்கியது. பிறகு ரெஞ்சால் தன் கைக்குப் போதும் என்று தோன்றும்வரை இறுக்கினாள். பேட்டையும் காலிப்பரையும் ஏற்றி, சின்ன போல்ட்டுகளையும் அதே கைக்கணக்கில் இறுக்கினாள்.

“போதும். இதுக்கு மேல இறுக்க ஆள் பொறந்து வரணும்.”

“அந்த டிக் ரெஞ்ச ஒரு தடவை வச்சுப் பாரேன். சும்மா, என் திருப்திக்கு.”

கையேட்டில் இருந்த அளவுக்குக் கைப்பிடியைத் திருகி மாட்டினாள். டிக் வரும் என்று இழுத்தால் வரவில்லை. போல்ட் இன்னும் கணிசமாகத் திரும்பிய பிறகுதான் டிக் என்றது. அவள் புருவம் சுருங்கியது. காலிப்பரின் சின்ன போல்ட்டுகளுக்கு அளவை மாற்றி வைத்துப் பார்த்தாள். ரெஞ்ச் தொட்டவுடனே, போல்ட் மயிரிழைகூட நகராமல், டிக். அது ஏற்கெனவே அளவுக்கு மீறி இறுகிக் கிடந்தது.

“அடேயப்பா. பெரியவன அரைகுறையா விட்டிருக்கேன். சின்னவன் கழுத்த நெரிச்சிருக்கேன்.”

அவர் கையேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அவள் சின்ன போல்ட்டுகளைத் தளர்த்தி, மறுபடி அளவு வைத்து இறுக்கினாள். டிக். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. சக்கர நட்டுகளை அடுத்தடுத்து இறுக்காமல் எதிரெதிராக இறுக்க வேண்டும் என்பது பணிமனையிலேயே பார்த்துப் பழகியது. அதிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் வாங்கிக்கொண்டாள்.

வலது சக்கரத்தில் எல்லாமே ஓட்டமாக நடந்தது. தாங்கி ஏறியது. டிக், டிக். பேட் உட்கார்ந்தது. காலிப்பர் வந்து கவ்வியது. கீழ் போல்ட்டை இறுக்கி டிக் வாங்கினாள். மேல் போல்ட்டை விரலால் திருகிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டார்.

“அம்மாடி, ஆஸ்பத்திரியிலிருந்து போன். நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொல்றாங்கன்னு கேளு, எனக்கு ஒண்ணும் விளங்கல.”

ஓடிப்போய்ப் பேசினாள். எதைச் சாப்பிடக் கூடாது, எந்த மருந்தை நிறுத்த வேண்டும் என்று செவிலி நீளமாகச் சொல்ல, கணவரையும் உள்ளே கூப்பிட்டாள். எல்லாம் கேட்டு முடித்து வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. காலிப்பர் பார்வைக்குக் கச்சிதமாக இருந்தது. சக்கரத்தை மாட்டி, நட்டுகளை இறுக்கி, வண்டியை இறக்கினாள். நகர்த்துவதற்கு முன் பிரேக்கை மிதித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும் என்று அவர் வாசித்தார். முதலில் பஞ்சு மாதிரி தரைவரை போன பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கால் கேட்ட இடத்தில் நின்றது.

“ஏறுங்க.”

தெருவில் மெதுவாக உருட்டிக்கொண்டு போனாள். கரகரப்பு இல்லை. கீச்சு இல்லை. அவர் முகம் மலர்ந்தது. தெருக் கோடியில் திரும்புவதற்காகப் பிரேக்கைத் தொட்டபோது வலது பக்கத்திலிருந்து ஒரு சத்தம்.

டொக்.

“புதுசு இல்லையா, உக்காரக் கொஞ்ச நேரம் ஆகும்போல,” என்றார் அவர்.

அவள் மறுபடி மெதுவாக உருட்டி மறுபடி தொட்டாள். டொக். பேருந்தில் நாள் முழுக்கப் பயணிகளின் பேச்சுக்கு நடுவே வண்டியின் பேச்சைத் தனியாகக் கேட்டுப் பழகிய காது அது. “இல்ல. இது உக்கார்ற சத்தம் இல்ல. எதோ ஆடுது.” அந்த இடத்திலேயே ஓரம் கட்டி, அபாய விளக்கைப் போட்டாள்.

நின்ற இடம் கேரேஜின் வாசல்.

கேரேஜ்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார். அவளுடைய கிரீஸ் அப்பிய முகத்தையும் கட்டுப்போட்ட விரலையும் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

“நீங்களே செஞ்சீங்களா?”

“நானேதான். இவரு படிச்சாரு.”

கணவர் அவள் காதருகில் முணுமுணுத்தார். “வீட்டுப் பக்கம் தள்ளிட்டுப் போயிடலாமா?”

“ஆடற பிரேக்கோட ஒரு அடி நகர்த்த மாட்டேன். போய் ஜாக்கியும் பெட்டியும் எடுத்துட்டு வாங்க.”

அவர் நீண்ட கால்களை வீசிக்கொண்டு ஓடினார். கேரேஜில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். பேருந்தில் நெரிசலுக்கு நடுவே பின்னோக்கி எடுப்பவளுக்கு வேடிக்கை பார்க்கிறவர்கள் புதிதில்லை. சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரைப் பிடித்து உலுக்கினாள். மேல் பக்கம் ஆடியது. மேல் போல்ட்டை விரலால் தொட்டாள். விரலுக்கே திரும்பியது.

நாளை இதே வண்டியில் அத்தையை உட்காரவைத்துக்கொண்டு பெரிய சாலையில் போயிருப்பாள். கண்ணை மூடித் திறந்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

“மேல் போல்ட்ட இறுக்கல. போன் வந்துச்சு, பாதியில விட்டுட்டுப் போயிட்டேன். என் தப்புதான்.”

ஒரு வாடிக்கையாளர் களுக்கென்று சிரித்தார். கேரேஜ்காரர் சிரிக்கவில்லை. குனிந்து உள்ளே டார்ச் அடித்தார். தாங்கியைப் பார்த்தார், நீலப் பசையைப் பார்த்தார், புது போல்ட்டுகளைப் பார்த்தார்.

“பெரிய போல்ட்டெல்லாம் புதுசு போட்டிருக்கீங்க.”

“ஒரு தடவைக்குத்தானே அது?”

“ஆமா. பாதிப் பேரு பழசையே போட்டுடுவாங்க.” கொஞ்சம் தயங்கினார். “தள்ளிக்குங்க மேடம், ரெண்டு நிமிஷத்துல நான் முடிச்சுத் தர்றேன்.”

“வேணாங்க. ரெஞ்ச் இருக்கு. ஆனா டார்ச்ச மட்டும் அப்படியே பிடிங்க.”

அவர் பிடித்தார். அவள் அளவு வைத்து இறுக்கினாள். டிக். போன தடவை எதையெல்லாம் தொட்டாளோ அதையெல்லாம் மறுபடி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. எழுந்தபோது கேரேஜ்காரர் டார்ச்சை அணைக்காமல் சொன்னார்.

“போன் வந்தா எனக்கும் இதே கதிதான். ஒரு தடவை ஒரு டாக்டர் வண்டிய அப்படியே அனுப்பிட்டேன். நல்லவேளை, வாசல்லயே சத்தம் கேட்டுத் திரும்பி வந்துட்டாரு. அதுலேர்ந்து ஒண்ண இறுக்கினா அதுமேல ஒரு கோடு போட்டுடுவேன். போல்ட்டுலேர்ந்து பக்கத்து இரும்பு வரைக்கும், குறுக்க. கோடு இல்லாட்டி இறுக்கல. கோடு விலகியிருந்தா தளர்ந்திருக்கு. கண்ணால பாத்தாலே போதும்.”

“இது நல்லா இருக்கே!” என்றாள். மனதாரச் சொன்னாள். “இத அன்னைக்கே சொல்லியிருந்தா புரிஞ்சிருக்குமே எனக்கு.”

அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். “அன்னைக்கு வேலை தலைக்கு மேல இருந்துச்சு மேடம். வாய் தவறிடுச்சு.”

வீட்டு வாசலுக்கு வந்ததும் இரண்டு சக்கரத்தையும் மறுபடி ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கோடு போடாமல் அவளுக்குத் தூக்கம் வராது. வீட்டில் பெயின்ட் இல்லை. கணவர் பேனா கொண்டுவந்தார், கிரீஸில் ஒட்டவில்லை. அவள் நேராக மாமியாரின் மேசைக்குப் போனாள்.

“அத்தை, உங்க நகச்சாயம் கொஞ்சம் வேணும்.”

“நல்ல காலம், இப்பவாவது பூசணும்னு தோணிச்சே. கைய நீட்டு, நானே பூசி விடறேன்.”

“எனக்கு இல்ல அத்தை, காருக்கு.”

மாமியார் மேசையைத் தடவிப் பாட்டிலை எடுத்து நீட்டினார். “புது பாட்டில் அது,” என்றார். “மெல்லிசாப் பூசு. திட்டுத் திட்டா விட்டுடாதே.”

ஒவ்வொரு போல்ட்டையும் ரெஞ்ச் வைத்துப் பார்த்து, எண்ணெய் போகத் துடைத்து, மெல்லிய சிவப்புக் கோடு இழுத்தாள். கணவர் டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தார். இந்த முறை போன் அடித்தபோது, இரண்டு பேருமே அசையவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பெரிய சந்திப்பில் ஒரு சரக்கு லாரி சிக்னலை மதிக்காமல் குறுக்கே புகுந்தது. அவள் மிதித்தாள். கார் கோடு போட்டது மாதிரி நேராக, சத்தமில்லாமல் நின்றது. பின்னிருக்கையில் மாமியார் பாதித் தூக்கத்திலிருந்து கேட்டார், “வந்துடுச்சா?”

“இல்ல அத்தை. தூங்குங்க.”

கணவர் முன்னிருக்கையில் மூச்சை மெதுவாக விட்டார். லாரி கடந்துபோன பிறகு கியரை மாற்றிய அவள் கையில் ஒரு மிடுக்கு இருந்தது.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சில நாட்கள் ஓடிய பிறகு சக்கர நட்டுகளை மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று கையேடு சொன்னது. சரிபார்த்தாள். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன.

ரெஞ்சைத் திருப்பிக் கொடுக்கப் பணிமனைக்குக் கொண்டுபோனபோது டயர் மேஸ்திரி கதையை முழுதாகக் கேட்டார். மழுங்கின போல்ட், மாறின மரை, விட்டுப்போன மேல் போல்ட் எதையும் அவள் மறைக்கவில்லை. கூட்டிச் சொன்னாள் என்றுகூடச் சொல்லலாம். மதிய இடைவேளைக்குள் கதை பணிமனை முழுவதும் சுற்றிவந்துவிட்டது. மாலையில் வண்டியை விட்டு இறங்கியபோது, பக்கத்துத் தடத்தில் ஓட்டுகிற தம்பி ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“அக்கா, என் காரும் கொஞ்ச நாளா கீச்சுக் கீச்சுங்குது.”

“ஞாயித்துக்கிழமை கொண்டா. உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா.”

“அவ எதுக்குக்கா?”

“நீ கழட்டறப்ப யாராவது படிக்கணும்ல? என் ஆள கடன் தரமாட்டேன்,” என்று சொல்லிவிட்டு, அவள் வண்டிச் சாவியை ஒப்படைக்க உள்ளே போனாள்.